பிளாஸ்டிக் துப்பாக்கியும் நான் விழுங்கிய ஒரு வரியும்

"தம்பி, நீ பிளாஸ்டிக்கோடயே வாழுற ஆளு. நீயே சொல்லு... இதை நம்பலாமா?"

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு துப்பாக்கிக் கடையின் கவுன்ட்டர் முன்னால் மணி அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மான் தலைகூட என்னைத்தான் பார்த்தது. நான் என் ஷூவைப் பார்த்தேன்.

துப்பாக்கி என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது முயல் சுடுகிற சின்ன ரைபிள். குண்டின் அளவை வைத்து 'டூ-டூ' என்று இங்கே நியூசிலாந்தில் சொல்வார்கள். பண்ணைகளில் முயல் பெரிய தொல்லை. புல்லைத் தின்னும், மண்ணைக் குடையும். லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்து சுட்டுக் குறைத்தால் பண்ணைக்காரருக்கு நிம்மதி. மணி அண்ணனிடம் லைசென்ஸ் இருக்கிறது; வீட்டில் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி இருக்கிறது. என்னிடம் இரண்டும் இல்லை. அதனால் கடைக்குள் நுழைந்ததிலிருந்து என் கைகள் இரண்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன.

மணி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபிஜிக்காரர். வீட்டில் இந்தி, கோயிலில் தமிழ் என்று வளர்ந்தவர். எனக்காகத் தமிழ் பேசுவார். வார்த்தை கிடைக்காத இடத்தில் இங்கிலீஷைச் செருகிக்கொள்வார். ஆக்லாந்தில் ஒரு பஸ் டெப்போவில் முப்பது வருடம் மெக்கானிக். பஸ் சக்கரத்து நட்டுகளைத் திருகித் திருகியே வலது தோள் தேய்ந்துவிட்டது. போன வருடம் ஆபரேஷன். அதோடு வேலையும் போய்விட்டது.

மிச்சம் இருப்பது சனிக்கிழமை. வெஸ்ட்கேட் தாண்டி, கிரெய்க் என்பவரின் பண்ணைக்குப் போய் முயல் சுடுவது. பத்து வருடப் பழக்கம். "வாரத்துல மத்த ஆறு நாளும் டாக்டருக்கு, தம்பி. அந்த ஒரு நாள்தான் எனக்கு" என்பார். ஆனால் அவருடைய பழைய ரைபிள் முழுக்க எஃகு. தூக்கினால் தோள் அழுகிறது. கனம் குறைந்த ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமையும் போய்விடும்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டுக்கும் குழல் எஃகு. வித்தியாசம் ரிசீவரில்தான். ரிசீவர் என்றால் ரைபிளின் நடு உடம்பு: முன்னால் குழல் பொருந்தும், உள்ளே குண்டை ஏற்றும் போல்ட் ஓடும், கீழே விசை தொங்கும், மேலே டெலஸ்கோப் உட்காரும். ஒன்றில் அது அலுமினியம். இன்னொன்றில் பாலிமர்... அதாவது, மரியாதையான பெயர் வைத்த பிளாஸ்டிக்.

"கனம் கம்மி. துரு பிடிக்காது. குளிர்காலத்தில் கை விறைக்காது. விமானத்திலேயே இதைப் போடுகிறார்கள்" என்றார் கடைக்காரர்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எதை விற்றாலும் ஏன் விமானத்தை இழுக்கிறார்கள்? சூட்கேஸ் விற்கிறவர் விமானம் என்கிறார். வாணலி விற்கிறவரும் விமானம் என்கிறார். விமானத்தில் சீட்டுக்கு முன்னால் மடக்குகிற அந்த மேசையும் பிளாஸ்டிக்தானே? அது ஆடாமல் நின்று நான் பார்த்ததில்லை.

நான் வேலை செய்வது ஒனிஹங்காவில் ஒரு மோல்டிங் ஃபேக்டரியில். மனைவி நர்ஸ், அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன், பதினாலு வருடமாக அதே மெஷின் முன்னால் நிற்கிறேன். கண்ணாடி இழை கலந்த நைலானை உருக்கி, மாட்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் வால்வு அடிக்கிறோம். அந்த ரைபிள் உடம்பும் ஏறக்குறைய அதே சரக்குதான். அதனால்தான் நம்பிக்கை வரவில்லை. வெளியே இருப்பவர் சாமான் பளபளப்பாக இருப்பதைத்தான் பார்ப்பார். நைலானைச் சரியாக உலர்த்தாமல் மெஷினில் கொட்டிய நாட்கள் எனக்குத் தெரியும்; அன்றைய சாமான் சீக்கிரம் நொறுங்கும். மோல்டுக்குள் இரண்டு பக்கமிருந்து உருகி வரும் பிளாஸ்டிக் சந்திக்கிற இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு விழும். உடைந்தால் அங்கேதான் முதலில் உடையும். வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லாரும் வீட்டை நினைத்துக்கொண்டே அடித்த பெட்டி எது என்று சாமானில் எழுதியிருக்குமா?

அலுமினியத்தையும் நான் சும்மா விடவில்லை. அண்ணன் அதைத் தூக்கி, "அப்பா... கனம்" என்றார். நான் குழலைப் பார்த்தேன். அலுமினிய ரைபிளில் இருந்தது தடித்த குழல். பாலிமர் ரைபிளில் மெல்லிய குழல். அப்படியானால் கனத்தின் பெரும்பகுதி எங்கே இருக்கிறது? குழலில்! ரிசீவரில் குறைவது ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் அளவுகூட இருக்காது. கடைக்காரர் இதைத் தெரிந்தே செய்தாரா, அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்து வைத்தாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாலிமர் ரிசீவரின் தலையில், டெலஸ்கோப் மாட்ட நான்கு ஓட்டைகள். உள்ளே, ஸ்க்ரூ பிடிக்கப் பித்தளை மரை பதித்திருந்தார்கள். எங்கள் வால்வுகளிலும் இதே போலப் பித்தளை பதிப்போம். அந்த மரையில் ஸ்க்ரூ போடும் பெஞ்சில் மெலே என்ற டோங்காக்கார அம்மா நிற்பார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் தரும் பயிற்சி முழுவதும் ஒரே வரி. வைத்த அளவுக்கு இறுகியதும் ஸ்க்ரூடிரைவர் 'க்ளிக்' என்னும், கையை எடு. அவ்வளவுதான். க்ளிக்குக்குப் பிறகும் திருகினால், பித்தளை பிளாஸ்டிக்குக்குள் சுழன்றுவிடும். பார்க்க நன்றாக இருக்கும், பிடிமானம் இருக்காது.

அண்ணனுடையதோ பஸ் நட்டு திருகிய கை. "அண்ணே, இதுல ஸ்க்ரூவை மெதுவாத் திருகணும்" என்று சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்துவிட்டது.

ஆனால் கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் சொன்னால் என்னவென்று கேட்பார். இங்கிலீஷில் விளக்க வேண்டும். 'மரை'க்கு இங்கிலீஷில் என்ன? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், துப்பாக்கி விற்கிறவருக்கே துப்பாக்கி பற்றிப் பாடம் எடுப்பதா?

"ம்ம்... பரவாயில்ல அண்ணே" என்றேன்.

அண்ணன் வாங்கிவிட்டார். பாலிமர்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஹலோ கூட இல்லை.

"உன் பிளாஸ்டிக் என்னை அசிங்கப்படுத்திடுச்சு தம்பி."

நடந்தது இதுதான். டெலஸ்கோப்பை வீட்டில் தானே மாட்டிக்கொண்டு போய், காலையில் காகிதத்தில் குறி பார்த்துச் சுட்டிருக்கிறார். நன்றாகவே விழுந்திருக்கிறது. பிறகு மேட்டில் ஒரு முயல். தலைக்குக் குறி வைத்தார். குண்டு பின்னங்காலில் பட்டது. முயல் இழுத்துக்கொண்டே முள் புதருக்குள் போய்விட்டது. கிரெய்க்கின் நாய்தான் தேடி எடுத்தது. அதற்குள் ரொம்ப நேரம் ஆகிவிட்டது.

"பத்து வருஷத்துல ஒண்ணுகூட நான் நோக விட்டதில்ல. ஒரே குண்டு. அதுக்குத் தெரியவே தெரியாது. இன்னைக்கு அது கத்துச்சு தம்பி. முயல் கத்தும்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

கிரெய்க் திட்டவில்லையாம். ரைபிள் சரியாகும் வரை வர வேண்டாம், சரியானதும் முதலில் காகிதத்தில் சுட்டுக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றாராம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியதாம் அண்ணனுக்கு.

மறுநாள் காலை ஒடாஹுஹுவில் இருக்கும் அவர் வீட்டுக் கராஜுக்குப் போனேன். ரைபிளை அவர் பிடித்துக்கொண்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். டெலஸ்கோப்பை லேசாகத் தொட்டார். ஆடியது. முன்பக்க ஸ்க்ரூவை அவர் திருப்ப, கூடவே பித்தளையும் சுற்றியது. ஓட்டையைச் சுற்றி, நகத்தில் விழும் கீறல் போல ஒரு வெடிப்பு. காலையில் காகிதத்தில் சுட்ட அதிர்விலேயே டெலஸ்கோப் நகர்ந்திருக்க வேண்டும்.

"பாத்தியா? சீப் பிளாஸ்டிக்" என்றார்.

"எவ்ளோ இறுக்கினீங்க அண்ணே?"

"நிக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... ஒரு கால் சுத்து."

"எதுக்கு கால் சுத்து?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பஸ்ல நாப்பது பேர் உக்காந்திருப்பாங்க தம்பி. இறுகிடுச்சுன்னு மெஷின் சொன்னாலும் கையால ஒரு கால் சுத்து போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். முப்பது வருஷம். ஒரு சக்கரம் கழண்டதில்ல."

அந்தக் கால் சுற்றுதான் அவர் தோளைத் தின்றது. அதே கால் சுற்றுதான் பித்தளையைச் சுழற்றியது. இதை நான் கடையிலேயே பார்த்துவிட்டேனே! வெடிப்பு அந்தப் பிளாஸ்டிக்கில் விழும் முன்பே அந்த வரி என் தொண்டையில் இருந்ததே!

சொல்லிவிட்டேன். மெலே, க்ளிக், பித்தளை... எல்லாவற்றையும்.

அண்ணன் ரைபிளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு திரும்பினார்.

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"கடைக்காரர் பாத்துட்டிருந்தார் அண்ணே."

"அவன் பாத்தா உன் வாய் பூட்டிக்குமா? அந்த முயலு உன்னை என்ன பண்ணுச்சு தம்பி?"

பிளாஸ்டிக் மேல் சந்தேகப்பட்டேன், கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டேன், விமானத்தின் மேல்கூடச் சந்தேகப்பட்டேன். பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு ஷூவைப் பார்த்து நின்றவன் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நமக்கெல்லாம் இது ஒரு வசதி, இல்லையா? சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கண், கையைப் பார்ப்பதில்லை.

புதன்கிழமை அதே கடைக்குப் போனோம். இந்த முறை நான் பேசினேன். முதல் இரண்டு வாக்கியம் திக்கியது. மூன்றாவதில் கடைக்காரர் முன்னால் சாய்ந்து கேட்க ஆரம்பித்தார். ரைபிள் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு சின்ன அட்டை. ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. அண்ணன் படிக்கவில்லை. கடைக்காரரும் படிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அலுமினியமாக இருந்தால் கெட்டுப்போன மரையைக் கடைந்து புது மரை போட்டுவிடலாமாம். பாலிமரில் வழியில்லை, உடம்பையே மாற்ற வேண்டும். இதையும் அன்று யாரும் சொல்லவில்லை. விமானம் மட்டும் சொன்னார்கள்.

"இப்பச் சொல்லு. பிளாஸ்டிக்கா, அலுமினியமா?" என்றார் அண்ணன். கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"பிளாஸ்டிக் கெட்டது இல்ல அண்ணே. இந்தச் சின்னக் குண்டுக்கு அது தாங்கும். மழைக்கு நல்லது, குளிருக்கு நல்லது. மெதுவான கை இருக்கிறவங்களுக்கு அது போதும். உங்க கை அப்படி இல்ல. உங்களுக்கு அலுமினியம். ஆனா மெல்லிசுக் குழலா ஒண்ணு கேளுங்க."

கேட்டோம். இருந்தது! உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அண்ணன் தோளில் வைத்துப் பார்த்தார். இறக்கினார். மறுபடியும் வைத்தார். "இது அழல" என்றார். தோளைத்தான் சொன்னார். பாலிமரைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதுவும் பெரிய மனதா, இல்லை கணக்கா... விடுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மெலேயிடம் கேட்டு, பெஞ்சில் சும்மா கிடந்த ஒரு க்ளிக் டிரைவரை இரவல் வாங்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். புது ரைபிளின் அட்டையில் போட்டிருந்த அளவை அதில் வைத்துக் கொடுத்தேன். மீறித் திருகினால் அலுமினியமும் அழும், என்ன, கொஞ்சம் தாமதமாக அழும். அண்ணன் முதல் ஸ்க்ரூவைத் திருகினார். க்ளிக். நின்றார். என்னைப் பார்த்தார். மணிக்கட்டு மெல்ல, தானாகவே, அடுத்த கால் சுற்றுக்குத் தயாரானது.

"நிறுத்துங்க!"

கத்தியது நான்தான். அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். "யாரு சத்தம் போட்டது? தம்பியா? இவருக்குச் சத்தம்கூட வருமா?"

அண்ணன் டிரைவரை மேசையில் வைத்தார். சிரித்தார். மற்ற மூன்று ஸ்க்ரூவும் க்ளிக்கோடு நின்றன.

சனிக்கிழமை நானும் பண்ணைக்குப் போனேன். கிரெய்க் தூரத்தில் ஒரு காகிதத்தை நட்டுவிட்டு வந்தார். அண்ணன் படுத்துக்கொண்டு ஐந்து குண்டு சுட்டார். ஐந்து ஓட்டையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். கிரெய்க் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வழக்கமான நேரத்துக்கு வா" என்றார். அன்று முயல் எதையும் சுடவில்லை. அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார்.

ஆகவே, பாலிமரை நம்பலாமா என்று இனி யார் கேட்டாலும், நான் ஷூவைப் பார்க்கப் போவதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்பேன் — திருகப் போவது யார்?