சின்னத் தீவுக்குக் கிடைத்த கதிரை

கனடாவில் மல்வேர்ன் என்ற இடத்திலிருந்து பஸ் பிடித்து, ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்கு வேலைக்குப் போய்வருகிறவள் றோசலின். மன்னார்க்காரி. அங்கே வருடக்கணக்காக அவளோடு நின்று மரக்கறி வெட்டுகிறவள் மார்வா. கரீபியன் கடலில் செயின்ற் வின்சென்ற் என்ற தீவு அவளுடைய நாடு. வாழைத்தோட்டக்காரரின் மகள். அவர்களுடைய வாழைப்பழத்துக்கு ஐரோப்பாவில் இருந்த சலுகை பெரிய நாடுகளின் வழக்கில் அடிபட்டுப்போக, தோட்டமும் படுத்துவிட்டது. மார்வா கனடாவுக்கு வந்தாள்.

2019 ஜூனில் ஒருநாள் மார்வா ரம் கேக் கொண்டுவந்தாள். அவளுடைய நாடு ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குத் தெரிவாகியிருந்தது. அவ்வளவு சின்ன நாடு அந்தச் சபைக் கதிரையில் முன்பு இருந்ததே இல்லையாம்.

"உங்கள் நாட்டில் எத்தனை சனம்?" என்று கேட்டாள் றோசலின்.

"ஒரு லட்சத்துச் சொச்சம்."

றோசலின் கேக்கைப் பாதியில் வைத்தாள். 2009இல் கனடாவின் யூனிவர்சிற்றி அவெனியூ என்ற தெருவில், குளிரில், வன்னிப் போரை நிறுத்த அந்தச் சபை வாய் திறக்கவேண்டும் என்று கத்திக் கத்திக் குரல் அடைத்துப்போனவள் அவள். வன்னிக்குள் அகப்பட்ட தம்பி நீக்கிலாஸ் போனவன் போனவன்தான்.

வீட்டுக்கு வந்து கணவன் ஜூலியஸிடம் பொருமினாள். "மல்வேர்னையும் பக்கத்து ரூஜையும் சேர்த்தால் வாற சனம். அதுகளுக்கு ஒரு கொடி, ஒரு கதிரை. ஐ.நா.வில அதுகளின்ர ஒரு வோட்டுக்காகத் தாய்வான்காரன் காசு குடுக்கிறான், கியூபாக்காரன் எயார்போட் கட்டக் கை குடுத்தவன். எங்களிட்ட வோட்டுக் கேட்டு ஆர் வாறான்?"

"மார்வா உமக்கு என்ன செய்தவள்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் எரியுது."

2021 ஏப்ரலில் அந்தத் தீவின் எரிமலை வெடித்தது. அக்கம்பக்கத்துத் தீவுகள் கதவைத் திறந்தன. சனத்தை ஏற்றக் கப்பல்கள் வந்தன. ரீவியில் அதைப் பார்த்த றோசலினுக்கு இரக்கத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. மறுநாள் கிழங்கு உரிக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களுக்கென்ன, கூப்பிட்டவுடன் உலகமே ஓடி வருகிறது."

மார்வா கத்தியைக் கீழே வைத்தாள். "என் அண்ணன் பள்ளிக்கூடத் தரையில் படுக்கிறான். தோட்டம் முழுக்கச் சாம்பல். உதவிக்கு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை, றோஸ். ஐ.நா.வில் நாங்கள் எப்போது, யாருக்குக் கை தூக்கவேண்டும் என்றும் ஒருநாள் சொல்லுவார்கள்."

மன்னிப்புக் கேட்க றோசலினுக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை ஜூலியஸையும் கூட்டிக்கொண்டு, அரிசி மூட்டையும் மீன் ரின்களுமாக மார்வாவின் தேவாலயத்துக்குப் போனாள். தீவுக்கு அனுப்பும் சாமான்களைப் பெரிய பீப்பாய்களில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். மார்வா மார்க்கர் பேனாவை நீட்டி, தன் அண்ணனின் விலாசத்தைச் சொன்னாள். கடைசி வரியில் நாட்டின் பெயரைப் பெரிதாக எழுதும்போது றோசலினுக்கு நெஞ்சு திரும்பவும் எரிந்தது. ஆனாலும் பிழையில்லாமல் எழுதி முடித்தாள்.

திரும்பிவரும்போது காரில் ஜூலியஸ் கேட்டான்: "இப்ப எரிச்சல் ஆறிட்டுதோ?"

"இல்லை," என்றாள் றோசலின். "அடுத்த கிழமை பருப்பும் கொண்டு போவம்."