அறுபது சுற்று

மோட்டாரின் கம்பிச் சுருளில் ஊற்றிய வார்னிஷ், உள்ளே தொங்கவிட்ட குண்டு பல்பின் சூட்டில் காயும்போது எழும் வாசனை தொண்டைக்குள் இனிப்பும் கசப்புமாக இறங்கும். திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் சேவியர் அண்ணனின் மோட்டார் கடையை அந்த வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த கோடையில், குறுவை நாற்றங்கால் தண்ணீருக்குக் காத்திருக்க, எங்கள் மோட்டார் புகைந்து நின்றது. எரிந்த கம்பிச் சுருளைப் பிரித்துப் புதிதாகச் சுற்றி, மூன்று நாளில் "காயில் கட்டி" முடித்த சேவியர் அண்ணன், வயலிலேயே அதை ஓடவிட்டு, சுழலும் தண்டின் நுனியில் வேகம் பார்க்கும் மீட்டரை அழுத்திக் காட்டினார். நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று. ஒத்துப் பார்க்க, மோட்டாரின் வேகம் பொறித்த தகடு இல்லை. அது என்றைக்கோ துருப்பிடித்து உதிர்ந்திருந்தது.

ஐ.டி.ஐ. படித்த அத்தை மகனின் புத்தகத்தில் நான் ஒரே ஒரு பக்கம் படித்திருந்தேன். நூற்று இருபதை மின்சாரத்தின் ஐம்பது அலைவால் பெருக்கி, 'போல்' என்கிற காந்த முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வேகம் வரும்.

"இது எத்தனை போல்ண்ணே?"

"நாலு தம்பி."

"அப்ப ஆயிரத்தி ஐந்நூறு வரணுமே. மீதி அறுபது சுத்து எங்கண்ணே?" என்றேன், சுற்றி நின்ற ஆறேழு பேருக்கும் கேட்கும்படி.

"தண்ணி இழுக்குற மோட்டாரு கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும்" என்றார். ஏன் என்று கணக்காகச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"ஏம்ப்பா சேவியரு, கம்பியக் கொறச்சு சுத்திட்டியா?" என்றார் அப்பா. பக்கத்து வயல்காரர், "பள்ளிக்கூடத்துப் புள்ளைட்ட மாட்டிக்கிட்டியே!" என்று சிரித்தார். சேவியர் அண்ணன் மீட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போனார். அவரை "அறுபது" என்று கூப்பிடத் தெருப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைப் புரட்டி அடுத்த பக்கத்தையும் படித்தேன். ஆயிரத்து ஐந்நூறு என்பது சுற்றும் காந்தப் புலத்தின் வேகம். தண்டு அதைவிடப் பின்தங்கினால்தான் அதற்கு இழுவையே கிடைக்கும், இரண்டும் சமமானால் விசை இல்லை. அதற்கு "நழுவல்" என்று பெயர். ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்: ஆயிரத்து ஐந்நூறில் அறுபது, நூற்றுக்கு நான்கு. அது சரியான அளவு என்றும் அச்சிட்டிருந்தது. அதற்குள் அப்பா என் கெட்டிக்காரத்தனத்தை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். புத்தகத்தை மூடினேன், யாரிடமும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சேவியர் அண்ணனை விட்டுவிட்டுப் பூதலூர்க் கடைக்கு மோட்டாரைத் தூக்கிப் போனார்கள். குறுவை அறுப்புக்கு முன்பே சேவியர் அண்ணன் கடையைப் பூட்டிக் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். அவர் கட்டிய எங்கள் மோட்டார் அதற்குப் பிறகும் பல வருடம் எரியாமல் ஓடியது.

பத்தாம் வகுப்போடு நானும் கிளம்பினேன். கோடியக்கரைப் பக்கம் உப்பளம், பிறகு சாயப்பட்டறை, மர அறுவை மில். எங்கே வேலை பார்த்தாலும் குனிந்து மோட்டார்த் தகட்டைப் பார்ப்பேன்: 1440, 1430, 1445. ஒன்றில்கூட ஆயிரத்து ஐந்நூறு கிடையாது.

போன மாதம் ஊருக்குப் போனேன். மோட்டார்களெல்லாம் ஆழ்குழாய்க் கிணறுகளுக்குள் இறங்கிவிட்டன. மீட்டர் வைக்கத் தண்டு வெளியே தெரிவதில்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ். எதிரே டீக்கடைப் பெரியவரிடம், "இங்க காயில் கட்டுற சேவியர்னு ஒருத்தர் இருந்தாரே, இப்ப எங்க இருக்காருன்னு தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"சேவியரா? அப்படி யாரும் இல்லியே" என்று நெற்றியைச் சுருக்கியவர், சட்டென்று முகம் மலர்ந்து, "அட, நம்ம அறுபதா?" என்றார்.