மிங்கலா தாங்ஞுன்டில் ஒரு வயரிங் வகுப்பும் எங்கள் பெயர்ப் பலகையும்

2010 ஜனவரியில் யாங்கோன் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை போட. ஆனாலும் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் வழிச் செலவையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருச்சியில் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாங்கள் சிலர் ஒரு சிறு நிதி வைத்திருக்கிறோம். பள்ளியை முடித்த பிள்ளைகள் ஒரு தொழிலைத் தமிழிலேயே கற்க வேண்டும், அதற்கு நாங்கள் ஆசிரியர் சம்பளம் கொடுப்போம், அவ்வளவுதான். யாங்கோனில் கோயில்களில் சிறுபிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு உண்டு. பள்ளி முடிந்தால் அதோடு சரி. பிறகு வேலை, சிநேகிதம், கோபம் எல்லாம் பர்மியமாகிவிடும், தமிழ் வீட்டில் சோறு கேட்க மட்டும் என்று நின்றுவிடும். அதனால் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கும் வீட்டு வயரிங் வகுப்பை நாங்கள் ஏற்று நடத்தி வந்தோம்.

அங்கே வங்கி வழியாகப் பணம் அனுப்புவது எங்களுக்குக் கைகூடவில்லை. போகிறவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். கடைசி நான்கு மாதமாக ஆள் கிடைக்கவில்லை. வகுப்பெடுக்கும் கமலா மலேசியாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. அவர் போனால் வகுப்பை இழுத்து மூட வேண்டியதுதான், தமிழில் சொல்லித்தரும் எலெக்ட்ரீஷியன் வேறு யாரும் அங்கே கிடைக்கவில்லை. இத்தனை தமிழ் வியாபாரிகள் இருக்கிற ஊரில் ஒருவர்கூடவா கைகொடுக்கவில்லை என்று எனக்கு ஆத்திரம். 'உனக்குத்தான் காலில் சக்கரமாயிற்றே, நீயே போய்க் கேள்' என்று நண்பர்கள் தள்ளிவிட்டார்கள்.

சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, பாங்காக்கில் மாறி, காலையில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். டாக்சிக்கு ஆறாயிரம் சாட், அன்றைய கணக்கில் ஆறு டாலர். மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். டாலர் நோட்டு சலவைக்குப் போய்வந்த சட்டைபோல இருக்க வேண்டும். நடுவில் ஒரு மடிப்பு இருந்ததற்காக விடுதிக்காரர் என் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் நான்காக மடித்துச் சட்டைப் பையில் திணிக்கிற ஜாதி, வயிறு எரிந்தது.

மாலை நான்கு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் எங்கள் நிதியின் பெயரைப் பெரிதாக எழுதிய பலகை தெரிந்தது. யார் அடித்து மாட்டினார்களோ, பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன். கீழே லுங்கி கட்டிய பத்துப் பன்னிரண்டு இளைஞர்களும் பெண்களும் ஒரு மரப்பலகையில் சுவிட்ச், பியூஸ் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. நான் மட்டும் மண்டபத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

கமலாவுக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். அரசு தொழில்நுட்பப் பள்ளியில் டிப்ளமோ. பிள்ளைகள் அவரைச் சயாமா என்கிறார்கள், பர்மியத்தில் டீச்சர். ஷாக் அடிக்கிற சமாச்சாரத்தை முதலில் பர்மியத்தில் சொன்னார், பிறகு அதையே தமிழில். அவர் தமிழில் கேட்டதற்கும் பிள்ளைகள் பர்மியத்திலேயே பதில் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. தெருவிலிருந்து 'மீ லா பீ' என்று ஒரு கூச்சல் வந்தது. கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தமாம். அடுத்த நொடி எல்லோரும் சுவிட்ச் பூட்டிய மரப்பலகை மேல் குனிந்துவிட்டார்கள், என்னைக் கவனிக்க ஆளில்லை.

வகுப்பு முடிந்ததும் நான்கு மாதச் சம்பளத்தைக் கமலாவிடம் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"இனிமே பசங்க தமிழ்ல பேசுவாங்களா?"

"உசிரு போற விசயம்ண்ணே, அத எந்த பாசையிலயாவது புரிய வைக்கணும்ல. தமிழ்ல பதில் கேக்கறதுக்கு இங்க யாரு உக்காந்திருக்கா?"

"மலேசியாவுக்குப் போறது நெசந்தானா?"

"வெள்ளிக்கிழமை ஏஜெண்டு வந்து பாஸ்போர்ட்ட வாங்கிக்கறேன்னிருக்கான். இது முடிஞ்ச மாசத்துக்கு வந்துருச்சு. வர்ற மாசத்துக்கு யாரு கையில வரும்னு உங்களுக்கே தெரியாதே."

"இந்த ஊர்க்காரங்ககிட்ட கேட்டிருக்கலாமே."

"அது முறையில்லண்ணே. சுவத்துல உங்க பேருல்ல இருக்கு." ரோஷக்காரப் பெண், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புதன். கோயில் நிர்வாகி ஊ கணேசனைப் பார்க்க க்யிம்யிண்டைங் போனேன். அங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் பர்மிய வழக்கப்படி 'ஊ' போடுகிறார்கள், தமிழர்களுக்கும் அப்படித்தான். மத்திய ரயில் நிலையத்திலிருந்து வட்டப்பாதை ரயிலில் ஏறினால் கொண்டுவிடும், வெளிநாட்டவருக்கு ஒரு டாலர். அரை மணிக்குள் போய்விடலாம் என்றார்கள். அந்த அரை மணி எனக்கு அரை நாள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது. நேரம் இருக்கிறவர்கள் முழு வட்டமும் போங்கள், சுமார் மூன்று மணி நேரம். என்னைக் கூப்பிடாதீர்கள்.

படித்துறைக்குப் பக்கத்தில் கணேசனின் பருப்பு மண்டி. அறுபது வயதுக்காரர், வாயில் வெற்றிலை. தைப்பூசத்துக்கு எந்த நாள் யார் உபயம் என்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எல்லா நாளும் போய்விட்டதாம், பானகத்துக்குக்கூட இரண்டு குடும்பம் போட்டியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"பானகத்துக்குப் போட்டி போடறீங்க. உங்க பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துற பொண்ணு நாலு மாசம் சம்பளமில்லாம நின்னுச்சு. ஒருத்தர் கண்ணுக்கும் படலையா?"

அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தெரியும் தம்பி. ஆனா அது உங்க உபயமாச்சே. அடுத்தவங்க உபயத்துல நாங்க எப்படிக் கை வைக்கிறது? நீங்க செய்ய முடியாதவங்கன்னு ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிராதா? தூரத்துலேருந்து செய்யறவங்கள அவமானப்படுத்தக் கூடாதுன்னு எல்லாரும் வாய மூடிக்கிட்டிருந்தோம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியாத வழக்கமா இது? எங்கள் பெரியப்பாவின் மண்டகப்படிக்கு எதிர்வீட்டுக்காரர் கேட்காமல் நாலு முழம் பூ வாங்கி வைத்ததற்கு, பெரியப்பா சாகிறவரை அவரோடு பேசவில்லை. நாங்கள் சம்பளம் அனுப்பினோம். அவர்கள் அதை உபயமாக எடுத்துக்கொண்டு, பலகை அடித்து, சுவரில் மாட்டி, மரியாதையாக விலகி நின்றிருக்கிறார்கள். பணம் வராத மாதங்களிலும் பலகை அங்கேதான் இருந்தது. அதன் அடியில் நின்று அந்தப் பெண் சும்மா பாடம் நடத்தியிருக்கிறார். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

"அப்படின்னா நாங்க விட்டுடறோம்," என்றேன்.

"மண்டியில சொன்னா செல்லாது. நாளைக்குச் சாயந்தரம் சன்னிதியில வந்து சொல்லுங்க."

நண்பர்களைக் கேட்டிருக்க வேண்டும். விடுதியிலிருந்து திருச்சிக்குப் பேச நிமிடத்துக்கு ஐந்து டாலர் என்றார்கள். நிதியில் இருக்கிற பதினோரு பேரும் பேசி முடிக்க என் டிக்கெட் காசு போதாது. நானே முடிவெடுத்துவிட்டேன்.

வியாழன் மாலை தீபாராதனை முடிந்ததும் கணேசன் மைக்கை என் கையில் கொடுத்தார். வயரிங் வகுப்பு உபயத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம், ஊரார் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். ஒருவரும் அசையவில்லை. சம்பளத்தையும் நிறுத்தி, வகுப்பையும் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன். செருப்பைத் தேடி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது தூணோரம் நின்ற ஓர் அம்மாள் முன்னால் வந்தார். பெயர் மரகதம், தையல் கடை வைத்திருக்கிறவர்.

"மொதல் மாசம் எங்களுது. ஆனா எங்க மாசத்துல நான் வந்து உக்காந்து கேப்பேன். பிள்ளைங்க எனக்குத் தமிழ்ல பதில் சொல்லணும்."

இரண்டாவது மாதத்தைக் கணேசன் எடுத்தார். பிறகு பானகத்துக்குப் போட்டி போட்ட கதைதான். வருஷம் நிரம்பிவிட்டது. நான் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கணேசன் கையமர்த்தினார்.

"போன நாலு மாசம் யாரு உபயம்னு இன்னும் சொல்லல. காசு வந்தது இப்பத்தான். வெளக்கு எரிஞ்ச அன்னிக்கு எண்ணெய் ஊத்துனது யாரு?"

குருக்கள் கமலாவைப் பெயர் சொல்லி அழைத்தார். உபயக்காரருக்குப் போடுகிற மாலை, முதல் பிரசாதம், எல்லாம் அவருக்கு. கமலா வெகுநேரம் தலை நிமிரவில்லை. எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏ.டி.எம். இல்லை, கார்டு செல்லாது, நம் செல்போன் வேலை செய்யாது. டிசம்பர், ஜனவரியில் வெயில் தாங்கும். டார்ச் லைட் அவசியம். மொழி வகுப்புக்கோ தொழில் வகுப்புக்கோ உதவ நினைத்தால், முதலில் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர்களும் கைகொடுக்க இடம் விடுங்கள், சுவரில் பெயர் மாட்ட விடாதீர்கள். நாங்கள் இப்போது வயரும் கருவிகளும் மட்டும் வாங்கித் தருகிறோம். அவர்களைக் கேட்டுவிட்டு. என் நண்பர்களில் இருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை, கிளம்புவதற்கு முன் மண்டபத்துக்குப் போனேன். ஏஜெண்ட் என்னவானார் என்று கமலாவிடம் கேட்டேன். "வந்தான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்," என்றார். மரகதம் தன் மாதம் தொடங்கும் முன்பே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பெயர்ப் பலகையைக் கழற்ற வகுப்பில் படிக்கிற ஒரு பெண் ஸ்டூலில் ஏறினாள். பலகைக்குப் பின்னால் ஒரு வயர் ஓடியது.

கமலா பர்மியத்தில் ஏதோ எச்சரித்தார். அந்தப் பெண் ஸ்க்ரூடிரைவரோடு திரும்பி மரகதத்தை ஒருமுறை பார்த்தாள்.

"மெயின ஆஃப் பண்ணிட்டேன், சயாமா," என்றாள்.