வெள்ளைச் சட்டையில் மஞ்சள் நீர்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்கூடாயிலிருந்து கிளம்புவதாகத் திட்டம். ஏழரைக்குத்தான் கார் வாசலைத் தாண்டியது. தாமதத்துக்குக் காரணம் நான் என்கிறாள் வசந்தா. அவள் வார்த்த தோசை என்கிறேன் நான். வசந்தா என்னோடு திருச்சியில் கல்லூரியில் படித்தவள். படிப்பு முடிந்ததும் மலேசியாவுக்குத் திரும்பிப் போனவள், வா வா என்று எத்தனையோ வருடமாகக் கூப்பிட்டு, இப்போதுதான் நான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

காரை ஓட்டியவள் வசந்தா. பக்கத்தில் அவள் கணவர் ரவி, தலை முதல் கால் வரை வெள்ளை. மெர்சிங் கடலோரத்தில் ஒரு தியான இல்லம் இருக்கிறது. அங்கே பத்து நாள் மௌனம். வெள்ளை உடைதான் உடுத்த வேண்டும், கைபேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அவரைக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் இந்தப் பயணம். எனக்கு ஊர் பார்க்க ஒரு சாக்கு.

முந்தின நாள் பாத்திரம் கழுவும்போது வசந்தா சொன்னது மட்டும் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. "அங்கயே வந்து தங்கிடுங்கன்னு கேட்டிருக்காங்கடி. பத்து நாள் முடிஞ்சு முடிவு சொல்றேன்னு இருக்காரு. போறவர நான் தடுக்க மாட்டேன். ஆனா திரும்பி வருவாரான்னு தெரியல." சொல்லிவிட்டுக் குழாயை இறுக்கி மூடினாள். எனக்கு ரவி அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது.

கோத்தா திங்கி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆற்றுக்குப் பக்கத்துக் கடையில் வண்டியை நிறுத்தினோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "வாங்க, பசியாறிட்டீங்களா?" என்றார். இங்கே குசலம் விசாரிப்பதே இப்படித்தான். நம்மூர்ப் பரோட்டா மாதிரி ஆளுக்கொரு ரொட்டி சானாய், தேத்தண்ணி, எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வெள்ளி. ரிங்கிட்டை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். தோசை தின்ற வயிற்றில் ரொட்டிக்கும் இடம் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வயிறு நிறைந்ததும் வாய்க்குத் துணிச்சல் வந்துவிட்டது. "ஏண்ணா, வீடு இருக்கு, பொண்ணு வேலைக்குப் போயாச்சு, இவ இருக்கா. இதுக்கு மேல என்னத்தைத் தேடறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சிங்கப்பூர்ல வேலை பாத்தப்ப தினம் மோட்டார் சைக்கிள்ல எல்லைப் பாலம் தாண்டணும். ஒரு நாள் டிராஃபிக் ஜேம்ல ஒருத்தன் பின்னால வந்து லேசா இடிச்சிட்டான். நான் எறங்கி அவன அடிக்கக் கை ஓங்கிட்டேன். அவன் ஹெல்மெட்டோட கையெடுத்துக் கும்பிடறான். எனக்கு என்னையே புடிக்காமப் போச்சு. நல்லவனா இருக்கணும்னு ஆசைதான், வர மாட்டேங்குது. இவளுக்குத் தானா வருது லா. நான் படிச்சுத்தான் ஆகணும்."

"எனக்கும்தான் கோபம் வரும்," என்றாள் வசந்தா. "வெள்ளிக்கிழமை மாரியம்மாகிட்டக் கத்திட்டு வந்திடுவேன். அவ கேட்டுக்கறா. பத்து நாள் வாய மூடுன்னா நான் செத்துருவேன்."

எனக்குக் கோபம் பாதி இறங்கியது. ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒருவருக்கு வயிறு நிறைகிறது, இன்னொருவர் பசியோடு எழுகிறார். பசிக்கிறவரை எப்படித் திட்டுவது? நான் என்னவோ வசந்தா கட்சிதான். ஆனாலும், தேடுகிறவர்கள் நம்மைவிட மேலே ஏறி நின்றுகொண்டு தேடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் தன் குறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டல்லவா அலைகிறார்!

மறுபடி கிளம்பிச் சற்று தூரம் போனதும் அவரே சொன்னார். "தோட்டத்துக் கோயில்ல ஒரு நிமிஷம் கும்பிட்டுட்டுப் போலாம். நேத்து தீமிதி. மஞ்சத் தண்ணி சாயந்தரம்தானே, இப்ப கூட்டம் இருக்காது."

வசந்தா ஒன்றும் சொல்லாமல் காரைச் செம்மண் பாதையில் திருப்பினாள். இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். அவள் பிறந்த தோட்டம் அது. குடியிருந்தவர்களில் பாதிப் பேர் பாசிர் கூடாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் வந்துவிடுவார்கள். லீவு போட்டு வந்தவர்கள் மத்தியானமே கிளம்ப வேண்டும் என்பதால் மஞ்சள் நீராட்டை இந்த முறை காலைக்கே மாற்றிவிட்டிருந்தார்கள். முறைக்காரர்கள் ஒருவரையொருவர் துரத்தித் துரத்தி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரவி அண்ணன் செருப்பைக் கழற்றக் குனிந்ததுதான் தாமதம், "வாங்க மாமா!" என்று ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் அவர் தலையில் கவிழ்ந்தது. ஊற்றியது வசந்தாவின் தம்பி சேகர்.

யாரோ மெதுவாக விஷயத்தைச் சொன்னதும் சேகர் வாளியைக் கீழே போட்டுவிட்டான். "அலமாக்! ஐயையோ, தியானத்துக்குப் போற உடுப்பா?"

நான் அண்ணன் முகத்தையே பார்த்தேன். தாடை இறுகியது. வலது கை முறுக்கிக்கொண்டது. பாலத்தில் கை ஓங்கிய ஆளை ஒரு கணம் நேரிலேயே பார்த்துவிட்டேன். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய்!" என்று சிரித்தபடி வாளியை நோக்கி ஓடினார். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கூட்டம் கைதட்டியது.

"காலி மாமா! அடுத்த வருஷந்தான்," என்றான் சேகர். நனைந்தவர் மறுவருடம் வந்து ஊற்றினவரைத் திருப்பி நனைக்க வேண்டும் என்பது இந்தத் தோட்டத்து வழக்கமாம். எங்கள் பக்கத்தில் மஞ்சள் நீர் அன்றைக்கே காய்ந்துவிடும். இங்கே ஒரு வருடம் ஈரமாக இருக்கிறது.

அங்கிருந்து மெர்சிங் வரை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். யானை குறுக்கிடும் என்று மஞ்சள் பலகைகள் எச்சரித்தன. யானை வரவில்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம். காருக்குள் மஞ்சள் வாசனையும் வேப்பிலை வாசனையும் நிறைந்திருந்தன. ஒரு மணிவாக்கில் தீவுகளுக்குப் படகு போகும் துறையைத் தாண்டி, தியான இல்லத்தின் வாசலுக்கு வந்தோம்.

பையில் வேறு வெள்ளை உடுப்புகள் இருந்தன. "மாத்திக்கிட்டுப் போங்களேன்," என்றாள் வசந்தா. அவர் தலையசைத்து மறுத்துவிட்டு அப்படியே இறங்கினார். வாசலில் இருந்த சீன அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்து, "தாப்பா லா," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

கைபேசியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகத் திரும்பியவர், நின்றார். "வசந்தா, சேகர்கிட்ட சொல்லி வை. அடுத்த வருஷம் நான் ஊத்தற முறை."

கதவு சாத்திக்கொண்டது. வசந்தா காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பாமலே இருந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன், "மஞ்சத் தண்ணி காலையிலன்னு உனக்குத் தெரியுமா?"

"நேத்தே வாட்ஸ்அப்ல வந்துச்சு."

"பின்ன ஏன்டி சொல்லல?"

"அவரு கேக்கலையே," என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. தேடாமலே நிறைவாக இருப்பவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று இனி யாராவது என்னிடம் சொல்லட்டும், பார்க்கலாம்.

பிறகு கைபேசியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய் சேகர், மாமா அடுத்த வருஷம் வர்றாராம். இப்பவே ஓடிப் பழகிக்க."