பூட்டிய கதவுக்கு வந்தவர்கள்

எழுந்து நடக்க முடியாத என் அப்பா பூட்டிய அறைக்குள் இருந்தார். அந்த அறையின் திறப்பு என் கைப்பையில் இருந்தது. கைப்பை பொலிஸ்காரரின் மேசையில் இருந்தது. நான் அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் சாட்சியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், சகோதரங்களே. நம் செபக்குழுவில் பல பேர் கேட்டும் நான் இதுவரை வாய் திறக்கவில்லை. கேட்டது அப்படியே கிடைத்தது என்று முடிகிற சாட்சிகளைத்தான் நமக்குப் பிடிக்கும். என்னுடையது அப்படி முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழும்பில் குண்டு வெடிக்கும், மறுநாள் தமிழர்களைச் சுற்றி வளைப்பார்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இல்லாமல் பாண் வாங்கக்கூட வெளியே போக மாட்டோம். வைத்தியத்துக்காக அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டி வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் வைத்திருந்தேன். பாரிசவாதத்தில் அவருடைய வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஒருமுறை நான் இல்லாத நேரம் நிலத்தில் அரைந்து அரைந்து தவழ்ந்து வந்து படிக்கட்டில் விழுந்துவிட்டார். அதன் பிறகுதான் வெளியே பூட்டிவிட்டுப் போகத் தொடங்கினேன். மத்தியானம் ஓடி வந்து கஞ்சி பருக்கிவிட்டு மறுபடி வேலைக்கு ஓடுவேன்.

என் வேலை, ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில். வர்த்தகப் பட்டம் எடுத்தவள் வங்கியில் குளிரூட்டிய அறையில் இருக்காமல் முகத்துவாரத்துச் சேரிகளின் சேற்றில் திரிகிறாளே என்று சொந்தக்காரர் நக்கலடிப்பார்கள். உறுதிப் பத்திரம் இல்லாதவர்களை வங்கி வாசலிலேயே நிறுத்திவிடும். நாங்கள் பத்திரம் கேட்பதில்லை. ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை கூட்டம். யாராவது வராவிட்டால் மற்றவர்கள் அன்றைக்கே அவள் வீட்டு வாசலுக்குப் போய் என்ன ஏது என்று பார்க்க வேண்டும். கடன் தவணையை வாங்குவதற்கு அல்ல, அவளைப் பார்ப்பதற்கு. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லி அவர்களுக்கு அலுத்தே போயிருக்கும்.

கடன் கொடுக்கும் முன் பெண்களோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து வரைபடம் கீறுவோம். எது பலகை வீடு, எங்கே தண்ணீர்க் குழாய், எங்கே கழிவுநீர்க் கான் அடைபடுகிறது என்று எல்லாவற்றையும் குறிப்போம். அந்தத் தவக்காலத்தில் ஒரு காலை அப்படி ஒரு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். தமிழ்ப் பெண்ணின் பையில், துறைமுகத்துக்குப் பக்கத்து வீடுகளை எல்லாம் கீறிய படம். எங்கள் வேலையில் இருப்பவளைத் தவிர வேறு யார் அந்த நாளில் இப்படி ஒரு மடத்தனம் செய்வாள்?

பொலிஸ் நிலையத்தில் அதிகாரி படத்தை விரித்து, "இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கக்கூஸ் இல்லாத வீடுகள், சேர்."

"இவ்வளவு வீட்டிலயுமா?"

"ஓம் சேர். அதுக்குத்தான் கடன் குடுக்கிறம்."

அவர் சிரித்தார். நல்ல கதை என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். திறப்பை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்று கெஞ்சினேன். அதையும் கதை என்றே எடுத்துக்கொண்டார். என்னைப் பெண்கள் அறைக்குள் தள்ளிக் கம்பிக் கதவைச் சாத்தினார்கள்.

முதலில் என்னை விடுவிக்கும்படி செபித்தேன். பிறகு அந்தச் செபம் வாயில் நிற்கவில்லை. அப்பா நாக்கு வறண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்புத்தான் வந்தது. "ஆண்டவரே, என்னை விடாவிட்டாலும் பரவாயில்லை. அவரைத் தனியே விட்டுவிடாதேயும்" என்றேன். வேறு சொல் வரவில்லை. செபமாலையும் பையோடு போய்விட்டதால் விரல்களில் எண்ணிச் சொன்னேன். நாட்கள் போயின. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்க்கவும் ஒருவரும் வரவில்லை. அலுவலகத்திலும் பங்குக் கோயிலிலும் எல்லோருக்கும் பயம் என்று தெரியும், ஆனாலும் உள்ளே இருந்து கொதித்தேன். ஒருநாள் அந்த அதிகாரி என் வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுவதைக் கம்பி வழியாகக் கண்டேன். படத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோகிறார், இனி என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அன்று செபிக்கவே இல்லை. ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மறுநாள் பையைத் திருப்பித் தந்து, போகலாம் என்றார்கள்.

வாசலில் குசுமா அக்கா நின்றார். முகத்துவாரத்து ஐந்து பேர் குழுவின் தலைவி, பௌத்தர். அவரோடு எனக்குச் சிங்களத்தில்தான் பேச்சு. வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். பௌர்ணமிப் போயா நாளாக்கும், பன்சலையில் கும்பிடப் போகிற வழியில் வந்திருக்கிறார் என்று எண்ணி, "அக்கே, இன்றைக்குப் போயாவா?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் எனக்கு விளங்கிவிட்டது. சிங்களவர் சாவீட்டுக்கும் வெள்ளைதான் உடுத்துவார்கள்.

அப்பா அதற்கு முதல்நாள் விடியற்காலை போய்விட்டார்.

செத்த உடலை மாடி அறையில் வைத்திருக்க வீட்டுச் சொந்தக்காரி விடவில்லையாம். குசுமா அக்காவின் வீட்டு முன் அறையில் கிடத்தியிருந்தார்கள். எங்கள் கடனில் பலகையைக் கழற்றிவிட்டுக் கல்லால் கட்டிய அறை அது. பூசின சுவர் இன்னும் சுண்ணாம்பு காணவில்லை. அந்தச் சுவருக்குப் பிணைக் கையெழுத்து வாங்கியவள் நான். அந்தச் சுவர்களுக்கு நடுவில் அப்பாவுக்குத் தலை வாரி, வேட்டி கட்டி, கையில் சிலுவை வைத்திருந்தார்கள். நான் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு நிலத்தில் உருண்டு அழுதேன்.

குழுவில் இருந்த பரீதாதான் நடந்ததைச் சொன்னாள். "நீங்க கூட்டத்துக்கு வரல்ல தானே மிஸ். வராதவ ஊட்டுக்குப் போகோணும்டு நீங்கதானே செல்லித் தந்தீங்க. அண்டைக்குப் பகலே நாங்க அஞ்சு பேரும் வந்துட்டோம்." அப்பா முன்பு விழுந்த நேரம் தோடம்பழத்தோடு பார்க்க வந்தவர்கள், அறை தெரியும். பூட்டைக் கண்டு, உள்ளே முனகல் கேட்டு, கீழ்வீட்டு அம்மிக்குழவியை வாங்கிக் குசுமா அக்கா ஒரே போடாகப் போட்டுப் பூட்டை உடைத்திருக்கிறார். அன்று தொடங்கி ஆள் மாறி ஆள் முறை வைத்து அப்பாவோடு இருந்தார்கள். கஞ்சி பருக்கினார்கள். அவர் நனைத்த துணிகளைத் துவைத்தார்கள்.

மற்ற நேரத்தில் பொலிஸ் நிலையத்து வாசலில் நின்றிருக்கிறார்கள், என்னைப் பார்க்கத்தான் விடவில்லை. கடைசியில் அதிகாரி படத்தை அவர்களுக்கு முன்னால் விரித்தாராம். ஒவ்வொருத்தியும் ஒரு புள்ளியில் விரலை வைத்து, இது என் வீடு, வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் வந்தார். நான் கோபித்துக்கொண்டு படுத்திருந்த அதே நாள், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கக்கூஸ் இல்லாத வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். ஒரு புள்ளியும் பிழைக்கவில்லை.

அப்பாவை மாதம்பிட்டியில் அடக்கம் செய்தோம். திரும்பி வந்த பிறகுதான் கடைசி நேரம் எப்படி இருந்தது என்று குசுமா அக்காவிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்தது. அப்பாவுக்குப் பேச்சு இல்லை, அக்காவுக்குத் தமிழ் தெரியாது.

"மூச்சு இழுக்கேக்க தலையணைக்குக் கீழ கையை விட்டுத் தேடினார், மிஸ். உங்கட சாமி மாலையை எடுத்துக் குடுத்தன். விரல் ஏலாமப் போச்சு. அதால அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு நானே ஒவ்வொரு மணியாத் தள்ளினன். என்ன சொல்லோணும் எண்டு எனக்குத் தெரியாது. மணியை மட்டும்தான் தள்ளினன். பிழையா?"

பிழையா என்று கேட்டார். அவருடைய கையை எடுத்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்பாவைத் தந்துவிடும் என்றும் அந்த நாட்களில் நான் கேட்டேன். அது கிடைக்கவில்லை. அந்த வலி இன்றும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று உங்கள் முன்னால் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவரைத் தனியே விடாதேயும் என்று கேட்டேன். நான் அதைக் கேட்டு முடிக்கும் முன்பே ஆண்டவர் அம்மிக்குழவியோடு புறப்பட்டுவிட்டார். அதற்குப் பிறகு வங்கியிலிருந்து கூப்பிட்டும் நான் இந்த வேலையை விடவில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்குக் கடன் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும் முன்னால், வராதவளின் வாசலுக்குப் போகத்தான் பழக்குகிறேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறார். போன கிழமை இந்தக் கூட்டத்துக்கு வந்த ஒருவர் இன்றைக்கு வரவில்லை. செபத்தை முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவோம். யார் என்னோடு வருகிறீர்கள்?