படங்களின் ஓரத்தில் ஒரு கை

“அக்கா, இது யாரோட கை?”

“எந்தக் கை?”

“இந்த எக்ஸ்ரேல. நாயோட கால் முடியற இடத்துல.”

“ஓ, அதுவா? நான்தான். நல்லா விழுந்திருக்கேனா?”

“எலும்பு மட்டும்தான் தெரியுது.”

“அப்போ என் கல்யாண போட்டோவுக்கு இது தேவல. அதுல எங்க மாமியார் தலைதான் முழுசா தெரியும்.”

“கதிர் படாம இருக்க ஈயக் கையுறை போட்டுக்கறதில்லையா?”

“ஒருதரம் போட்டுப் பாரு, தெரியும். சிமெண்டு மூட்டைக்குள்ள கையை விட்ட மாதிரி இருக்கும். நாய் வலியில கிடக்குது. அதுக்கு நம்ம தோல் படணும், அப்பதான் அசையாம இருக்கும். அசைஞ்சா படம் கலங்கிடும். கலங்கினா மறுபடி எடுக்கணும். எது மேல், நீயே சொல்லு.”

அன்று எனக்கு வேலையில் முதல் நாள். அக்காவுக்கு அது இருபத்திரண்டாவது வருடம்.

எங்கள் கட்டடம் ஒரே நீளமான நடைபாதை. இந்தக் கோடியில் மனிதர்களுக்கான எலும்பு முறிவுப் பிரிவு, அந்தக் கோடியில் விலங்குகளுக்கானது. இரண்டுக்கும் நடுவில், இரண்டு கதவுகளோடு ஒரே ஒரு எக்ஸ்ரே அறை. காலையில் இந்தக் கதவு வழியாக மனிதர்கள் வருவார்கள். இரண்டு மணிக்கு மேல் அந்தக் கதவு திறக்கும். படம் எடுப்பவர் இரு பக்கத்துக்கும் ஒருவரே. எல்லோரும் அவரைப் படக்கார அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் கூட.

தொடை எலும்பு முறிந்தால் வெளியே தகடு வைத்துத் திருகாணி போடுவதா, எலும்புக்குள்ளேயே கம்பியை இறக்குவதா, எதில் சீக்கிரம் கூடுகிறது என்று பெரிய டாக்டரும் கால்நடை டாக்டரும் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டு வருடத்துக் குறிப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. டாக்டர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நர்சுகளும் அக்காவும் நம் மொழியில். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே தாளில் எழுதுவதும், படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டி முறிவு எத்தனை வாரத்தில் கூடியது என்று அளப்பதும் என் வேலை.

அக்கா நாய்களை மாப்ளே என்றுதான் அழைப்பார். “மாப்ளே, கொஞ்சம் பொறு. கால் உன்னோடதுதான், யாரும் எடுத்துட்டுப் போகல.” பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் கணவர் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்தவர் இதைக் கேட்டுவிட்டார். “என்னை ஒருநாள் இப்படிக் கொஞ்சியிருக்கியா?” என்றார். “நீங்க ஒருநாள் அசையாம படுத்திருக்கீங்களா?” என்று அக்கா கேட்டதும், நடைபாதையில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வலியோடு சிரித்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. நாய்கள் அவர் கையை நக்கும். உள்ளங்கை, மணிக்கட்டு, கட்டைவிரல் எல்லாவற்றையும் நக்கும். வலது மோதிர விரல் நுனிக்கு வந்ததும் நாக்கை இழுத்துக்கொள்ளும். அந்த விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருந்தது. மருந்து வாசனை பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பிளாஸ்திரி புதிதாக இருந்த நாளிலும், சோப்பு போட்டுக் கழுவி வந்த நாளிலும் அப்படித்தான். ஒரு கிழட்டு நாய் அந்த விரலை மோந்துவிட்டு, உடைந்த காலோடு பின்னால் நகரப் பார்த்தது.

மூன்றாவது மாதத்தில் படங்களைத் தேதிவாரியாக அடுக்கும் கட்டம் வந்தது. இருட்டாக்கிய அறையில் பெட்டி மட்டும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நான் எலும்புகளை அளந்தேன். நான்காம் வாரம் பனி போல ஏதோ படரும். எட்டாம் வாரம் அது திரண்டு கெட்டியாகும். பன்னிரண்டில் விரிசல் இருந்த இடமே தெரியாது. நாய்ப் படம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தக் கை இருந்தது. உடம்பு இல்லாத கை. மோதிரம் எதையும் தொடாமல் எலும்பைச் சுற்றி மிதந்தது.

முதலில் கையைப் பார்க்கவே இல்லை. எனக்கு அளக்கச் சொல்லியிருந்தது நாயின் எலும்பை. பிறகு கடைசி மூன்று வருடத்துப் படங்களில் ஏதோ ஒன்று உறுத்தியது. தேதி பொறித்த ஈயத் துண்டை எப்போதும் படத்தின் மேல் மூலையில்தான் வைப்பார்கள். இந்தப் படங்களில் அது கீழே, அக்காவின் மோதிர விரல் நுனிமேல் இருந்தது. ஒன்றில் இரண்டில் அல்ல, எல்லாவற்றிலும்.

ஈயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படம் சொல்லாது. அதனால் முந்தைய வருடங்களுக்குப் போனேன். விரல் நுனி எலும்பை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ஈயம் வருவதற்கு முந்தைய படத்தில் அந்த எலும்பின் ஓரம் எலி கடித்த பிஸ்கட் போல இருந்தது. அதற்கு முந்தைய வருடம் சின்னக் குழி. அதற்கும் முன்னால், ஆறு வருடங்களுக்கு முந்தைய ஒரு படத்தில், கடுகளவு நிழல். அதற்கு முன் ஒன்றுமில்லை. நாய்களின் எலும்பு வாரம் வாரமாகக் கூடிக்கொண்டிருந்த அதே படங்களில் இந்த எலும்பு வருடம் வருடமாகக் கரைந்திருக்கிறது. ஒரு கட்டடம் நிறைய எலும்பு டாக்டர்கள் இந்தப் படங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கடுகளவு நிழல் தெரிந்த படத்தின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறப் பெட்டை நாய், உள்கம்பி, ஆறாம் வாரம். டாக்டரின் கையெழுத்தில், ஆங்கிலத்தில்: சிகிச்சைக்குத் தொடர்ந்து வரவில்லை. அதற்குக் கீழே அக்காவின் குண்டுக் கையெழுத்தில், நம் மொழியில்: படம் எடுத்து முடித்தபோது என் கையிலேயே உயிர் போய்விட்டது.

மூன்று நாள் அந்தப் படத்தை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். நான்காம் நாள் மதியம், கதவு மாறும் இடைவேளையில், படத்தை அக்காவிடம் நீட்டினேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. “ஈயத்தைக் கண்டுபிடிச்சிட்டியா?” என்றார்.

“தெரியுமா உங்களுக்கு?”

“என் கை. எனக்குத் தெரியாதா?”

“ஏன்க்கா மறைச்சீங்க?”

“வெட்டுவாங்க. இங்க இருக்கறவங்களுக்குக் கையில கத்தி இருந்தா வேற வழி கண்ணுக்குத் தெரியாது.” சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. “பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு. முடியட்டும்னு பார்த்தேன். விரல் இல்லாதவளை இந்த அறைக்குள்ள விடுவாங்களா?”

“விட்டா கை முழுக்கப் போயிடும். அப்புறம் கையோடயும் நிக்காது.”

“நீ டாக்டரா?”

“இல்ல. அளக்கறவ.”

அக்கா ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “சரி, வா. நீயே காட்டு. எனக்கு நாக்கு வராது.”

பெரிய டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இதை நான் நாற்பது தடவை பார்த்திருப்பேன்” என்றார். “முறிவை மட்டும் பார்த்திருக்கேன்.” அவர் குரல் இறங்கி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். விரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். தோலில் தொடங்கி எலும்புக்குள் இறங்கியிருந்த புற்று. இருபது வருடக் கதிர் செய்த வேலை.

மோதிர விரலை அடிவரை எடுத்தார்கள். அக்குளுக்கும் பரவியிருக்கிறதா என்று சோதித்த முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை. தையல் பிரித்த அன்றே விலங்குகள் இருக்கும் கோடிக்குப் போய், கால் உடைந்த ஒரு குட்டியின் முன்னால் கையை நீட்டினார். நான் கதவருகே நின்றேன். கூண்டுகள் எல்லாம் சத்தமில்லாமல் இருந்தன. குட்டி கட்டைவிரலிலிருந்து தொடங்கி வரிசையாக வந்தது. விரல் இருந்த இடத்துக்கு வந்தது. நின்று மோந்தது. பிறகு அந்தத் தழும்பையும் நக்கியது, வெகுநேரம் நக்கியது.

“இனி ரிப்போர்ட் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்” என்றார் அக்கா. ரிப்போர்ட்டும் குட்டி சொன்னதையேதான் சொன்னது: எங்கும் பரவவில்லை. இப்போது அவர் அந்த அறையிலேயே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துகிறார். நாய்களை மயக்கம் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். படங்களின் ஓரத்தில் யாரும் இல்லை.

விரலை எடுத்த அன்று காலை, அக்கா தள்ளுகட்டிலில் படுத்திருந்தபோது, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாயைப் பிடிப்பது போலவே அழுத்தாமல், ஆனால் நகர முடியாதபடி.

“இது எந்தப் படத்துல ஆரம்பிச்சுதுன்னு நீ பார்த்திருப்ப. அன்னைக்கு நான் எந்த நாயைப் பிடிச்சிட்டிருந்தேன்னு குறிப்புல இருக்கும். எனக்கு ஞாபகம் இல்ல, எத்தனையோ பிடிச்சாச்சு. நான் எழுந்து வந்ததும் ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது எழுந்து நடந்துச்சான்னு சொல்லு.”