கறிக்கடை வெளிச்சத்தில் என் முகம்

நான் விளக்கு விற்பவன். துபாயின் சூப்பர் மார்க்கெட்டுகளில் எந்த மூலையில் எந்த விளக்கைப் போட்டால் சரக்கு நகரும் என்று சொல்வது என் தொழில். விசிட்டிங் கார்டில் 'லைட்டிங் கன்சல்டன்ட்' என்று இருக்கும். ஷார்ஜாவில் என் வீட்டு ஹாலில் எரிவதோ, மளிகை வாங்கப்போன கடையில் வெங்காயத்தோடு சேர்த்து வாங்கிய பல்பு.

மகளின் பிளஸ் டூ படிப்புக்காக அவளும் மனைவியும் திருச்சிக்குப் போனபிறகு அந்தப் பல்பை நான் அணைப்பதில்லை. காரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் வெளிச்சமாகத் தெரியும். உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் லிஃப்ட் வரும்வரை தெரியாத மாதிரி நடந்துகொள்ளலாம்.

எல்இடி பல்பு பழைய குண்டு பல்பு மாதிரி 'டப்' என்று போய்ச்சேருவது குறைவு. மெல்ல மங்கும். பெட்டியில் போட்டிருக்கும் ஆயுள் அது அணையும் நேரமல்ல. வெளிச்சம் முதல்நாள் இருந்ததில் எழுபது சதவீதமாக இறங்கும் நேரம். அதுவும் காற்றோட்டத்தில் வைத்துப் பார்த்த கணக்கு. என் வீட்டிலோ அது மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள், ஏசியை அணைத்துவிட்டுப் போன ஹாலில், கோடை முழுக்க வெந்தது. இதையெல்லாம் வாடிக்கையாளர்களுக்குப் படம் போட்டுச் சொல்கிறவன் நான். ஆனால் கூடவே இருக்கிறவன் கண் பழகிவிடுகிறது. மங்கியது தெரியவில்லை.

திருச்சியில் தெரிந்தது. வழக்கமான சாயங்கால வீடியோ காலில் மனைவி பேச்சை நிறுத்தினாள்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பொறந்ததிலேர்ந்து இப்படித்தான்."

"விளையாடாதீங்க. கண்ணைக் கீழ இழுத்துக் காட்டுங்க. நாக்கை நீட்டுங்க."

நீட்டினேன். பின்னாலிருந்து மகள் எட்டிப்பார்த்தாள். "அப்பா, சீரியஸ்லி, யூ லுக் கிரீன்."

"மஞ்சக்காமாலைதான். தனியா இருந்து கண்டதைத் தின்னா வேற என்ன வரும்?" என்றாள் மனைவி. "நாளைக்குப் பார்ப்பேன். இப்படியே இருந்தா இவளை எங்கம்மாகிட்ட விட்டுட்டு டிக்கெட் போட்டுட்டு வந்துடுவேன்."

டிக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும், காமாலை வந்தால்தான் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. கல்லீரலோடு கொஞ்சம் மானசீகமாகப் பேசிக்கூடப் பார்த்தேன். ஆனால் மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. இரண்டு வருடப் பிரிவே அந்தப் பரீட்சைக்காகத்தான். இப்போது அவள் அம்மா பாதியில் கிளம்பி வந்தால் இவ்வளவு நாள் நான் தனியாகச் சமைத்துக் கரண்டியோடு பேசிக்கொண்டிருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

காரணம் காமாலை அல்ல என்று தெரியும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு விளக்குகளுக்கு மார்க் உண்டு. நூற்றுக்கு எண்பது வாங்கினால் பாஸ். ஆனால் அந்த மார்க் வெளிர் நிறங்களை வைத்துப் போடுவது. அடர்சிவப்பு அந்தப் பரீட்சையிலேயே இல்லை. மலிவு பல்பு மங்க மங்க அந்தச் சிவப்புதான் முதலில் காணாமல் போகும். மனிதத் தோலுக்கு உயிர்க்களை தருவதும் அதே சிவப்புதான். விளக்கில் இல்லாத நிறத்தை போன் காமிரா எங்கிருந்து கொண்டுவரும்?

மறுநாள் ஆபீஸ் ஸ்டோரில், சூப்பர் மார்க்கெட் இறைச்சிப் பிரிவுக்கென்று வந்த சாம்பிள் பல்பு ஒன்றை எடுத்தேன். ஆட்டுத்தொடை அப்போதுதான் வெட்டியது போலத் தெரிய, சிவப்பைத் தூக்கிக் காட்டும் ரகம். ஸ்டோர்கீப்பர் ராமநாதபுரத்துக்காரர்.

"சார், இது கறிக்கடை லைட்டு. வீட்ல எதுக்கு?"

"சரக்கு கொஞ்சம் பழசாத் தெரியுதாம்பா."

"எந்தச் சரக்கு?"

என் முகத்தைக் காட்டினேன். ஒரு சுற்று நிதானமாகப் பார்த்தார். "ரெண்டா எடுத்துட்டுப் போங்க சார்."

ஒன்றே போதும் என்று கொண்டுபோய், சாப்பாட்டு மேஜை விளக்கில் மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து போனை எடுத்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டே கொண்டுபோனாள்.

"நேத்து என்னங்க அப்படி இருந்தீங்க?"

"லைட்டு சரியில்லை. மாத்திட்டேன்."

"ஆமா, இப்பத்தான் ரத்தம் ஓடுது. கன்னத்துல சதைகூட வச்ச மாதிரி இருக்கு." நன்றாகப் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. அப்ப டிக்கெட் வேண்டாம்."

"வேண்டாம்."

"நல்லாத்தான் இருக்கீங்க, நாங்க இல்லாம."

"பின்னே?"

என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த வியாபாரம் வேறில்லை.

கால் முடிந்ததும் தட்டைப் பார்த்தேன். தயிர்சாதம் ரோஸ் நிறத்தில் இருந்தது. எலுமிச்சை ஊறுகாய், விலைச்சீட்டு குத்தினால் போதும், விற்றுவிடலாம் போல இருந்தது. பல்பை அணைத்துவிட்டு ஹால் வெளிச்சத்தில் வந்து சாப்பிட்டேன்.

சாம்பிளைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ஸ்டோர்கீப்பரும் கேட்கவில்லை. சாயங்காலம் அவர்கள் கூப்பிடும்போது மட்டும் போடுகிறேன். பேசி முடித்ததும் அணைத்துவிடுகிறேன். ஹால் பல்பு மட்டும் இரவும் பகலும் எரிந்து, எழுபதுக்கும் கீழே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. கறிக்கடை பல்புக்கோ தினமும் கொஞ்ச நேரம்தான் வேலை. இந்தக் கணக்கில் பார்த்தால் அது எனக்குப் பிறகும் எரியும்.